அலிகாந்தேயில் மாதம் 1,500 யூரோ போதுமா?

கேள்வி: நானும் கணவரும் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்கள். முப்பது வருடமாக லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். அவருக்கு 66. கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பென்ஷன் மாதம் 1,050 பவுண்டு, அரசு பென்ஷன் முழுத்தொகையாக இன்னொரு 1,000 பவுண்டு. எனக்கு 61. ஆன்லைனில் சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஐசாவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 40,000 பவுண்டும், தனியார் பென்ஷனில் 80,000 பவுண்டும் இருக்கின்றன. வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினில் அலிகாந்தே பக்கம் போய்விடலாம் என்று நினைக்கிறோம். அங்கே இரண்டு பேருக்கு மாதம் 1,500 யூரோ தாராளம் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ திருச்சிக்கே வந்துவிடுங்கள் என்கிறார்கள். எது சரி?
ஒரு வாசகி, ஹாரோ

பதில்: கடனில்லாத சொந்த வீடு இருந்து, கார் இல்லாமல், லண்டனுக்கு அடிக்கடி பறக்காமல் இருந்தால் 1,500 யூரோவில் இரண்டு பேர் வாழலாம். வாடகை வீடு என்றால் முடியாது. ஆனால் உங்கள் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது மாதச் செலவைப் பற்றி அல்ல. ஹாரோ வீட்டை எந்த வருடம் விற்கிறீர்கள், ஸ்பெயினில் எந்த மாதம் இறங்குகிறீர்கள் என்ற இரண்டு தேதிகளைப் பொறுத்து முப்பது நாற்பதாயிரம் யூரோ கூடலாம், குறையலாம். அதற்கு முன், உள்ளே நுழைவதற்கான கணக்கு. கீழே பவுண்டுத் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒரு பவுண்டுக்கு 1.15 யூரோ என்று வைத்திருக்கிறோம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் (பிரெக்சிட்), 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ்காரர்கள் ஸ்பெயினுக்கு வெளிநாட்டவர்தான். விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வீடு வாங்கினால் கிடைத்துவந்த கோல்டன் விசா 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும் வழி, வேலை செய்யாமல் தங்கும் விசா. அதற்கான வருமானத்தை ஐபிரெம் என்ற அரசு அளவீட்டை வைத்துப் பார்ப்பார்கள். அது மாதம் 600 யூரோ. விண்ணப்பதாரருக்கு அதன் நான்கு மடங்கு, கூட வருபவருக்கு இன்னொரு மடங்கு. ஆக, உங்கள் இருவருக்கும் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 யூரோ. உங்கள் 2,050 பவுண்டு ஏறத்தாழ 2,360 யூரோதான் ஆகும். மாதம் 640, ஆண்டுக்கு 7,700 யூரோ குறைகிறது. இந்தக் குறையைச் சேமிப்பைக் காட்டி நிரப்பலாம். முதல் அனுமதி ஒரு வருடம்; அடுத்தது இரண்டு வருடத்துக்கு என்பதால் அப்போது 72,000 யூரோவுக்கான ஆதாரம் கேட்பார்கள். அதனால் வீடு விற்ற பணம் முழுவதையும் இன்னொரு வீட்டில் போட்டுவிடாதீர்கள். கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சொலிசிட்டர் தந்த விற்பனைக் கணக்கைக் கூடவே வையுங்கள்.

டியூஷனை நிறுத்த வேண்டியிருக்கும். இந்த விசாவில் எந்த வேலையும் கூடாது. மாணவர் லண்டனில் இருந்தாலும், பணம் பிரிட்டிஷ் கணக்குக்கு வந்தாலும் அது வேலைதான். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்குத் தனி விசா உண்டு. ஆனால் அதற்குக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்கு வருமானம் வேண்டும். சில மணி நேர டியூஷன் அதை எட்டாது.

காகிதங்களில் தடுக்கிவிழுவது பெரும்பாலும் வரிசையில்தான். போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று. பிரிட்டனில் பெற்ற சான்றுகளுக்கு முதலில் வெளியுறவு அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரை (சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்வது), அதன் பிறகுதான் ஸ்பானிய உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது. முந்தி மொழிபெயர்த்துவிட்டால் முத்திரைப் பக்கம் மொழிபெயர்ப்பில் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் திருமணச் சான்று இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தது என்றால் அதற்கு இன்றே வேலையைத் தொடங்குங்கள். அதை அங்கீகரிக்க வேண்டியது அந்தந்த நாடு. லண்டனில் அது முடியாது.

மருத்துவத்தில் உங்கள் கணவருக்கு அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் அரசு பென்ஷன் வாங்குபவர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் குடியேறினால் எஸ்1 படிவம் கிடைக்கும். அதை வைத்து ஸ்பெயினின் அரசு மருத்துவத்தில் சேரலாம். செலவு பிரிட்டன் தலையில். என்.எச்.எஸ். வணிகச் சேவை ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களைச் சார்ந்தவராக அதில் சேர்ப்பார்களா என்பதை ஸ்பெயின் தன் விதிப்படி முடிவு செய்யும். சேர்க்கவில்லையென்றால் தனியார் காப்பீடு. ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் பங்குத்தொகை கேட்கக் கூடாது. காத்திருப்புக் காலம் இருக்கக் கூடாது. பயணக் காப்பீட்டை ஏற்க மாட்டார்கள். 61 வயதில் இதற்கு மாதம் 100 முதல் 200 யூரோ ஒதுக்குங்கள். ஒரு வருடம் அங்கே வசித்த பிறகு கட்டணம் கட்டி அரசு மருத்துவத்தில் சேரும் திட்டமும் இருக்கிறது: 65 வயதுக்குள் மாதம் 60 யூரோ, 65 ஆனால் 157. மருந்துச் சலுகை அதில் கிடையாது.

இனி அந்த இரண்டு தேதிகள். ஜனவரி முதல் டிசம்பர் வரை 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் அந்த வருடம் முழுவதும் நீங்கள் அங்கே வரி செலுத்துபவர். பாதி வருடம் இங்கே, பாதி அங்கே என்று பிரிக்கும் வசதி ஸ்பெயின் சட்டத்தில் இல்லை. பிப்ரவரியில் ஹாரோ வீட்டை விற்று மே மாதம் போய் இறங்கினால், பிப்ரவரி விற்பனையும் ஸ்பெயின் கணக்கில் வந்துவிடும். குடியிருந்த வீடு என்பதால் பிரிட்டனில் அந்த லாபத்துக்கு வரி இருந்திருக்காது, ஸ்பெயின் கேட்கும். முப்பது வருடத்தில் 300,000 பவுண்டு லாபம், வீடு இருவர் பெயரிலும் என்று வைத்துக்கொள்வோம். 65 தாண்டியவர் தான் வசித்த வீட்டை விற்றால் ஸ்பெயினில் விலக்கு உண்டு என்பதால் கணவரின் பாதி தப்பலாம். உங்களுக்கு 61. உங்கள் பாதி 150,000 பவுண்டு, அதாவது 172,500 யூரோ. முதல் 6,000க்கு 19 சதவீதம், 50,000 வரை 21, அதற்கு மேல் 200,000 வரை 23. கூட்டினால் சுமார் 38,500 யூரோ. விற்ற பணத்தில் இரண்டு வருடத்துக்குள் அங்கே குடியிருக்க வீடு வாங்கினால் மறுமுதலீட்டு விலக்கு கேட்கலாம். ஆனால் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்பவர்களுக்கு அதுவே கழுத்தை நெரிக்கும் கெடுவாகிவிடும்.

இதைத் தவிர்க்க, ஒரு வருடம் விற்றுவிட்டு அடுத்த வருடம் போங்கள். அதே வருடம்தான் என்றால் ஜூலை நடுவுக்குப் பிறகு போய் இறங்குங்கள். வீடு பார்க்க அதே வருடம் முன்னதாகப் போய்வந்த நாட்களும் 183இல் சேரும். விசா முடிவுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம் என்பதால் ஏப்ரல் கடைசியில் மனுப் போட்டால் கணக்கு சரியாக வரும்.

ஐசாவும் பென்ஷனும் இதே வலையில்தான் இருக்கின்றன. ஐசாவின் வரிவிலக்கு பிரிட்டிஷ் சட்டம் கொடுத்தது. ஸ்பெயினுக்கு அது சாதாரண முதலீடு, வட்டிக்கும் லாபத்துக்கும் வரி உண்டு. உங்கள் தனியார் பென்ஷனில் 25 சதவீதம், அதாவது 20,000 பவுண்டு, பிரிட்டனில் வரியில்லாமல் எடுக்கலாம். ஸ்பெயினில் குடியேறிய பிறகு எடுத்தால் அங்கே அதற்கும் வரி. எடுக்க நினைத்தால், ஸ்பெயின் வரிக் கணக்குக்குள் வராத வருடத்திலேயே எடுத்துவிடுங்கள்.

ஆண்டு வரி அவ்வளவு பயமுறுத்தாது. இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி கவுன்சில் பென்ஷன் அரசுப் பணி பென்ஷன் வகை. அதற்கு வரி போடும் உரிமை பிரிட்டனுக்குத்தான். ஆண்டுக்கு 12,600 பவுண்டு, பிரிட்டனின் வரியற்ற வரம்பு 12,570. வரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் வராது. அரசு பென்ஷனும் உங்கள் தனியார் பென்ஷனும் ஸ்பெயினுக்கு. அங்கே தனிநபர் கழிவு 5,550 யூரோ. 65 தாண்டினால் 6,700. கவுன்சில் பென்ஷனுக்கு ஸ்பெயின் வரி போடாவிட்டாலும் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று தீர்மானிக்க அதையும் கூட்டிப் பார்ப்பார்கள், எனவே படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்கு, முதலீடு, சொத்து என்ற மூன்று வகையில் எதுவாவது 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31க்குள் 720 எண் படிவம் கொடுக்க வேண்டும். அதற்கு வரி கிடையாது, தகவல்தான். வருமான வரிக் கணக்கு ஜூன் இறுதிக்குள்.

மாதச் செலவுக்கு வருவோம். அலிகாந்தே கரையோரம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 900 முதல் 1,200 யூரோ வாடகை. உள்நாட்டு ஊர்களில் குறையும், ஆனால் கார் இல்லாமல் முடியாது. சாப்பாடு, வீட்டுச் சாமான் 450 முதல் 550. கொண்டைக்கடலையும் பருப்பும் அவர்களுடைய அன்றாட உணவே என்பதால் மலிவு. இட்லி அரிசிக்குத்தான் அலைய வேண்டும். லண்டனிலிருந்து திரும்பும்போது பையில் நெய் வைக்காதீர்கள், பிரிட்டனிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. இணையமும் இரண்டு மொபைலும் 50, தண்ணீர் 25, கார் 200 முதல் 250. விமானச் செலவையும் சேர்த்தால் 2,100 முதல் 2,400 யூரோ என்று வையுங்கள். உங்கள் பென்ஷன் அதற்கு மட்டாகச் சரியாக இருக்கும், மிச்சம் இராது.

எல்லோரும் குறைத்துப் போடுவது குளிர்காலத்தை. அந்தக் கரையோர வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை: தரையில் ஓடு, சுவரில் காப்புப் பொருள் இல்லை, சென்ட்ரல் ஹீட்டிங் பெரும்பாலும் கிடையாது. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும், உள்ளே கம்பளிச் சட்டை போட வேண்டும். மின்கட்டணத்தில், நீங்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தம் செய்த கிலோவாட்டுக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் உண்டு. 3.45 கிலோவாட் என்றால் ஹீட்டரும் ஓவனும் சேர்ந்து ஓடும்போது மீட்டர் மின்சாரத்தை நிறுத்திவிடும், 4.6 ஆக்கினால் நிலைக் கட்டணம் ஏறும். நேரம் பிரித்த கட்டணத்தில் வார நாட்களில் காலை 10 முதல் 2, மாலை 6 முதல் 10 உச்ச விலை. நள்ளிரவு முதல் காலை 8 வரையும் சனி, ஞாயிறு முழுவதும் மலிவு. வாஷிங் மெஷினை அப்போது போடுங்கள். வீடு பார்க்கும்போது முந்தைய ஜனவரி பில்லைக் கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள். குடியிருப்புக்கான ஒப்பந்தம் என்றால் நீங்கள் விரும்பும்வரை ஐந்து வருடம் இருக்கும் உரிமை உண்டு. முன்பணம் ஒரு மாத வாடகை, அதற்கு மேல் இரண்டு மாதம் வரை கூடுதல் உத்தரவாதம் கேட்கலாம். தரகர் கட்டணம் வீட்டுக்காரருடையது. பருவகால ஒப்பந்தம் என்று 11 மாதத்துக்குக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கோடையில் சுற்றுலாப் பயணிக்கு விட்டுப் பல மடங்கு சம்பாதிக்கவே அப்படிக் கொடுக்கிறார்கள். வாங்குவதானால் விலைக்கு மேல் 10 முதல் 13 சதவீதம் வரி, நோட்டரி, பதிவு, வழக்கறிஞருக்குப் போகும்.

நாணய மாற்றையும் சும்மா விடக் கூடாது. 2016 ஜூன் பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு முன் 1.30 யூரோ வாங்கிய பவுண்டு, அக்டோபரில் 1.11 பக்கம் இறங்கியது. அந்த மாதிரி மறுபடி நடந்தால் உங்கள் 2,050 பவுண்டில் மாதம் 300 யூரோவுக்கு மேல் குறையும். ஆறு மாதச் செலவை யூரோவாகவே வைத்திருங்கள்.

திருச்சியில் செலவு பாதிகூட ஆகாது, உண்மைதான். ஆனால் இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேறினால் பிரிட்டிஷ் அரசு பென்ஷன் போன அன்றைய தொகையிலேயே உறைந்துவிடும். 2000இல் வாரம் 67.50 பவுண்டு அடிப்படை பென்ஷனோடு இந்தியா போனவர் இன்றும் அதே 67.50தான் வாங்குகிறார், பிரிட்டனிலோ ஸ்பெயினிலோ இருப்பவருக்கு அது 176.45. கவுன்சில் பென்ஷன் உறையாது, எங்கே இருந்தாலும் விலைவாசியோடு ஏறும். எஸ்1 இந்தியாவுக்குச் செல்லாது. எண்பது வயதில் மருத்துவமனைச் செலவையும் உறைந்த பென்ஷனையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சொந்தக்காரர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

கடைசியாக, உங்கள் சொந்த அரசு பென்ஷன். உங்களுக்கு அது 67 வயதில்தான். முழுத்தொகைக்கு 35 வருடத் தேசியக் காப்பீட்டுப் பதிவு (பென்ஷனுக்காகக் கட்டும் கட்டணம்) வேண்டும், பிள்ளை வளர்த்த வருடங்களில் சிலருக்கு இடைவெளி இருக்கும். அரசு இணையதளத்தில் உங்கள் பதிவைப் பாருங்கள். விடுபட்ட ஒரு வருடத்துக்கு நாமாகக் கட்டும் மூன்றாம் வகுப்புக் கட்டணம் வாரம் 17.75, அதாவது சுமார் 923 பவுண்டு. பதிலுக்கு வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 342 பவுண்டு கூடும். மூன்று வருடத்துக்குள் போட்டது திரும்பிவிடும். பழைய முதலாளியிடமிருந்து கடிதம் வாங்க வேண்டியிருந்தால் ஹாரோவில் இருக்கும்போதே வாங்கிவிடுவது சுலபம்.