வாக்காளர் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது என்று திருப்பி அனுப்புகிறார்களே, ஏன்?

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் பரவாயில்லை. ஆதாரோ நூறு நாள் வேலை அட்டையோ காட்டிப் போடலாம். அதனால் பட்டியல்தான் முக்கியம் என்பேன்.

பென்னாகரம், ஊத்தங்கரை பக்கம் பல வீடுகளில் பூட்டுத் தொங்கும். ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். பட்டியலைச் சரிபார்க்க வீடு தேடி வருபவர் பூட்டைப் பார்த்து ‘குடிபெயர்ந்தார்’ என்று குறித்துவிட்டால் பெயர் போய்விடும். இது அநியாயம். தற்காலிகமாக வெளியூர் போனதாலேயே ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லையென்று ஆகாது என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

இறந்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும். அரூரில் ஒன்று, ஓசூரில் ஒன்று என இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் தவறு.

இறுதிப் பட்டியலுக்கு முன் வெளியிடும் வரைவுப் பட்டியல் வந்ததும் பாருங்கள். பெயர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிப் படிவம் 6, வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றச் சொல்லிப் படிவம் 8 கொடுங்கள்.