வாசகர் கேள்வி - பதில்: பார்வைப் பயிற்சி ஒரு தொழிலாக

கேள்வி: பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரி படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பார்வைப் பயிற்சிச் சிகிச்சையில் தனித்திறன் பெற ஆசை. "கண்ணை உருட்டச் சொல்லித் தருவதற்கு ஒரு படிப்பா?" என்று உடன் படிப்பவர்களே கேலி செய்கிறார்கள். இத்துறையில் உண்மையில் என்ன வேலைதான் செய்வார்கள்?

பதில்: கண்ணை உருட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று விளம்பரம் செய்யப்படும் பயிற்சிகளுக்கும் இத்துறைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிடுவதால் வருகிறது. எந்தப் பயிற்சியும் அதைச் சுருக்கிவிடாது. நம்முடைய களம் வேறு. இரு கண்களும் ஒரு பொருளின்மேல் ஒருசேரக் குவிகின்றனவா, தொலைவுக்குத் தக்கபடி குவியம் மாறுகிறதா, இரு கண்களும் அனுப்பும் பிம்பங்களை மூளை ஒன்றாக்குகிறதா என்பவையே நாம் ஆராய்பவை. கண் சோதனைப் பலகையின் கடைசி வரிவரை தெளிவாகப் படித்துவிடும் ஒருவருக்குப் புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் எழுத்துகள் இரண்டாகத் தெரிந்தால், வழக்கமான சோதனை அவரைக் குறையில்லாதவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். உங்கள் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இது நேற்று முளைத்த துறையும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு கண் மருத்துவர் எமில் ஜாவால், தம் சகோதரியின் மாறுகண்ணைச் சரிசெய்யும் முயற்சியில், இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்களைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியைக் கொண்டு பயிற்சிகளை வகுத்தார். இன்றும் நம் அறையில் உள்ள கருவிகளில் பல அதே அளவுக்கு எளிமையானவை. பிராக் கயிறு என்பது மூன்று வண்ண மணிகள் கோத்த வெறும் நூல். அதன் ஒரு முனையை மூக்கின்மேல் பிடித்துக்கொண்டு நடு மணியைப் பார்ப்பவருக்கு, இரு கண்களும் சேர்ந்து இயங்கினால், ஒரு நூல் இரண்டாகி அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்வதுபோல் தோன்றும். வெட்டும் இடம் மணிக்கு முன்னே நகர்ந்தால் கண்கள் தேவைக்கு அதிகமாகக் குவிகின்றன. மணியைத் தாண்டிப் போனால் குவிதல் போதவில்லை. ஒரே நூல்தான் தெரிகிறது என்றால் ஒரு கண்ணின் பிம்பத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. நோயாளியே தன் கண்கள் செய்யும் பிழையைத் தன் கண்ணாலேயே காண்கிறார் என்பதால், விலை உயர்ந்த பல கருவிகளைவிட இந்த நூலை நான் அதிகம் நம்புகிறேன். கேலி செய்யும் நண்பர்களில் ஒருவரை அழைத்து, நூலின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் வாசிக்கத் தடுமாறுகிறான்; எழுத்துகளை மாற்றி எழுதுகிறான். பார்வைப் பயிற்சி கொடுத்தால் படிப்பு வந்துவிடும் என்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: இது ஒரு தாயின் கேள்விதான் என்றாலும், இத்துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும் இதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும், ஏனெனில் இத்தொழிலின் நற்பெயரும் அவப்பெயரும் இந்த ஓர் இடத்தில்தான் முடிவாகின்றன.

அருகில் பார்க்கும்போது கண்கள் போதிய அளவு உள்நோக்கிக் குவியாத குறைபாட்டுக்குப் பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 9 முதல் 17 வயது வரையிலான 221 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை அளித்தார்கள். மருத்துவ அறையில் பயிற்சியாளரின் மேற்பார்வையில் முறையான பயிற்சியும், அதனுடன் வீட்டுப் பயிற்சியும் பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் குணமடைந்தனர் அல்லது முன்னேறினர். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் 43 சதவீதத்தினரே முன்னேறினர். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பயிற்சிபோலத் தோன்றும், ஆனால் பலன் தராத செயல்களை அதே அறையில் செய்த பிள்ளைகளிலும் 35 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். "என் நோயாளிகள் தேறினார்கள்" என்ற சொல் மட்டும் ஏன் சான்றாகாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

அதே வழியில் நடந்து 2019-இல் முடிவு வெளியான அடுத்த ஆய்வு, 311 பிள்ளைகளுக்கு 16 வாரம் சிகிச்சை அளித்து, அவர்களுடைய வாசிப்புப் புரிதலை அளந்தது. உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் இடையே அதில் வேறுபாடு தென்படவில்லை. எனவே, அம்மா, உங்கள் மகனுக்குக் குவிதல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது சரி. இருந்தால் அதற்குச் சிகிச்சை பெறுவதும் சரி. ஆனால் எழுத்தை ஒலியோடு இணைப்பதில் சிக்கல் இருந்தால், அதாவது அது டிஸ்லெக்ஸியா என்றால், அது கண்ணின் குறை அன்று. அதற்கு வேண்டியவர் வாசிப்புக் குறைபாட்டில் பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர். பயிற்சி அறையில் கழியும் மாதங்கள் அந்த ஆசிரியரிடம் செல்ல வேண்டிய மாதங்களாக இருக்கக்கூடும்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகக் கண்ணாடி அளவெடுக்கும் வேலையில் இருக்கிறேன். பார்வைப் பயிற்சிக்கு மாற என்ன செய்ய வேண்டும்? கருவிகளுக்குப் பெரும் முதலீடு வேண்டுமா?

பதில்: ஐந்து ஆண்டு அளவெடுத்த அனுபவம் வீணாகாது, ஏனெனில் கண்ணாடி அளவு தவறாக இருக்கும்போது பயிற்சி தொடங்குவது அடித்தளம் இல்லாமல் சுவர் எழுப்புவது போன்றது. இருகண் பார்வை, சோம்பேறிக் கண், குழந்தைகள் பார்வை ஆகிய மூன்றையும் மீண்டும் ஆழமாகப் படியுங்கள். அமெரிக்காவில் பட்டம் பெற்றபின் ஓராண்டு உறைவிடப் பயிற்சி எடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வாய்ப்பு இல்லாதவர்கள், அனுபவமுள்ள ஒருவரின் அறையில் சில மாதங்களாவது உடனிருந்து பார்க்க வேண்டும். தொடக்கத்துக்குப் பிராக் கயிறு, ஒளியின் திசையை மாற்றும் பிரிசம் பட்டை, புரட்டிப் பிடிக்கும் இரட்டை லென்சு, எழுத்து அட்டைகள் போதும். கணினிக் கருவிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம்பகமான கண் மருத்துவர் ஒருவருடன் தொடர்பு வைத்துக்கொள்வதே பெரிய முதலீடு. திடீரென்று தோன்றும் இரட்டைப் பார்வை நரம்பு மண்டலக் கோளாற்றின் அறிகுறியாக இருக்கலாம்; அத்தகையவரைப் பயிற்சி நாற்காலியில் உட்காரவைக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி: பெரியவர்களுக்குப் பயன் உண்டா?

பதில்: குவிதல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு உண்டு. சிறு வயது முதல் மாறுகண் உள்ளவர்களிடம் மட்டும் அடக்கமாகவே வாக்களியுங்கள். நரம்பியல் அறிஞர் சூசன் பேரி தம் 48-ஆம் வயதில் பயிற்சியால் முப்பரிமாணப் பார்வை பெற்றார் என்பது உண்மைதான். எல்லாருக்கும் அது வாய்க்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

கேள்வி: வீட்டுப் பயிற்சியைச் செய்யாமலே செய்ததாகச் சொல்லும் பிள்ளைகளை என்ன செய்வது? (பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்)

பதில்: ஏழு நாளுக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக் போட்ட அட்டை என் மேசைக்கும் வந்திருக்கிறது. திட்டினால் அடுத்த வாரம் இரண்டு பேனாவில் டிக் போட்டுக்கொண்டு வருவார்கள். அட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் கண்கள் குவியும் தொலைவை மீண்டும் அளந்து, சென்ற வார எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பிள்ளையிடமே காட்டுவேன். பிறகு நான்கு பயிற்சிகளில் மூன்றை நீக்கிவிட்டு, எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்பதை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.