நீகேப் போட்டுக்கொண்டு சென்னிமலை ஏறலாமா?

கேள்வி: வயது 61, எடை 78 கிலோ. கோபி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நாலு மாடு, கொஞ்சம் மஞ்சள். ரெண்டு வருசமா வலது முழங்காலில் உள்பக்கம் வலிக்குதுங்க டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்பக்கம் மட்டும் தேய்மானம்னு சொன்னாங்க. கால் கொஞ்சம் வளைஞ்சும் போச்சு. சுகர் இருக்குது. மருந்துக் கடையில் நீகேப் வாங்கி ராத்திரி பகலாப் போட்டிருக்கேன். "அதப் போட்டா சதை கரைஞ்சு போயிருமாக்கும்"னு பக்கத்துத் தோட்டத்து அக்கா சொல்றாங்க. போடலாமுங்களா? தைப்பூசத்துக்குச் சென்னிமலை படியேற முடியுமா?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: போடலாம் அம்மா. ஆனால் தூங்கும்போது வேண்டாம், இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். கால் வேலை செய்யாத நேரத்தில் அதனால் பயன் இல்லை. சுகர் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி மந்தமாக இருக்கக்கூடும். இறுக்கிப் பிடித்துப் புண்ணானாலும் விடியும்வரை தெரியாது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா சொல்வது பாதி சரி. நீகேப் சதையைக் கரைப்பதில்லை. அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பயிற்சியை விட்டால்தான் தொடைச்சதை இளைக்கும்.

நீங்கள் வாங்கியது உறை மாதிரி இழுத்து மாட்டும் வகை என்று நினைக்கிறேன். அது மூட்டுக்குச் சூடும் பிடிமானமும் தரும், கால் தடுமாறுகிற பயத்தைக் குறைக்கும். உடல் எடையை அது தாங்காது. உங்களுக்கு உள்பக்கம் மட்டும் தேய்ந்து, காலும் வளைந்திருப்பதால் இன்னொரு வகையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் கம்பியும் கீலும் வைத்து, மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அழுத்திப் பிடிக்கும் பட்டை அது. 'அன்லோடர் பிரேஸ்' என்று கேட்டால் தருவார்கள். உள்பக்கத்தில் விழும் பாரத்தில் கொஞ்சத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. நடக்கும்போது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சாதாரண நீகேப்பைவிட விலை பல மடங்கு. கனமாகவும் இருக்கும், வாங்கிய பலர் பீரோவுக்குள் போட்டுவிடுகிறார்கள். அதனால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டி, மாட்டி நாலு எட்டு நடந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

எந்த வகையானாலும் அளவு முக்கியம். கடைக்காரர் கண்ணால் பார்த்து "மீடியம் போதும்" என்று தருவதை வாங்காதீர்கள். அட்டைப்பெட்டியில் சொன்ன இடத்தில் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மாட்டிய பின் ஓரத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கணுக்கால் வீங்கினாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம். பால் கறக்கும்போது, தோட்டத்தில் நடக்கும்போது, கடைவீதிக்குப் போகும்போது போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தோலைப் பாருங்கள். சித்திரை வெயிலில் வியர்வை ஊறி அரிக்கும், தினமும் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

நீகேப் இருக்கட்டும், உங்கள் முழங்காலைப் படுத்துவது மாட்டுக் கட்டுத்தரை வேலை என்பேன். குத்தவைத்துப் பால் கறப்பதை விட்டு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கறங்கள். கைத்தடியும் பிடிக்கலாம், வலது கால் வலிக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். "கெழவியாட்டத் தெரியுமே" என்று தடியை ஒதுக்குகிறவர்களும் உண்டு, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதைவிடக் கஷ்டம்.

பயிற்சிக்குக் கால் மணி நேரம் போதும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் கீழே அழுத்துங்கள்; ஐந்து எண்ணி விடுங்கள், பத்து முறை. அப்புறம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள், முடிந்தவரை. நடப்பதற்கு வரப்பு வேண்டாம், சமமான ரோடு நல்லது. பயிற்சி செய்த வலி மறுநாளும் இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். எடையும் குறையட்டும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது.

சென்னிமலைக்கு வருவோம். 1,320 படி. படியேறும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்கு முழங்காலில் விழும். இறங்குவது இன்னும் வேதனை. இந்தத் தைப்பூசத்துக்கு வண்டிப்பாதையில் மேலே போய் முருகனைக் கும்பிடுங்கள். பழனி போனாலும் வின்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. ஆறு மாதம் பயிற்சி செய்த பிறகு படியைப் பற்றிப் பேசுவோம். வீட்டில் ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருந்தால் நல்ல காலை முதலில் வைத்து ஏறுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள்.

கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், சுகர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடக்கூடும். வலி ஜெல் தடவலாம். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ நீகேப்பைக் கழற்றிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.