நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தனியார் விலங்குக் காட்சியகம் ஏன் திடீரென்று சரிகிறது?

சொந்த நிலத்தில் இப்படி ஒன்று தொடங்கலாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், டால்டன்-இன்-ஃபர்னஸ் ஊரில் இருந்த சவுத் லேக்ஸ் காட்சியகத்தைப் பாருங்கள். 1994-இல் டேவிட் கில் தொடங்கியது. உயரமான கம்பத்தின் உச்சியில் இறைச்சியைக் கட்டிப் புலியை ஏறவைப்பார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் அம்மும்.

2013 மே 24 அன்று அங்கே 24 வயதுப் பெண் பராமரிப்பாளர் ஒருவரைச் சுமத்ரா புலி கொன்றது. புலி அறைக்கும் ஊழியர் நடைபாதைக்கும் நடுவில் இருந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு பழுது. "அந்தப் பெண் கவனமாக இருந்திருக்கலாமே" என்று சொல்ல வருபவர்களுக்கு: நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2016-இல் 2,97,500 பவுண்டு அபராதம். வேறொரு ஊழியர் ஏணியிலிருந்து விழுந்த வழக்கும் அதில் சேர்த்தி.

இப்படிக் கதவைத் தானாகச் சாத்தும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், மரச்சட்டம் ஈரத்தில் ஊதும், கதவு ஒரு விரற்கடை விலகியே நிற்கும். தினமும் காலையில் முழுக்கத் திறந்துவிட்டு, தாழ் தானாக விழுகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்போதும் ஸ்பிரிங்கை நம்பக் கூடாது. வெளியே நின்றே இழுவைக் கதவை மூடி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, எந்தப் புலி எந்த அறையில் என்று கண்ணால் எண்ணிய பிறகுதான் நடைபாதைக்குள் கால் வைக்கலாம். கூட இன்னொருவர் இருந்தாக வேண்டும்.

அடுத்த அடி இறப்புக் கணக்கு. 2013 டிசம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை அங்கே 486 விலங்குகள் செத்தன. நெரிசல், குளிர், போதாத மருத்துவம். ஆண் பெண்ணைப் பிரிக்காமலும் கருத்தடை செய்யாமலும் விட்டால் இடம் நிறைந்துவிடும். பலமானது தின்னும், மற்றது மெலியும். குட்டி பிறந்தால் படத்தோடு போடும் பத்திரிகைகள், போன வருடக் குட்டிகள் எங்கே என்று ஒருநாளும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

2017 மார்ச்சில் உள்ளாட்சி மன்றம் கில்லுக்கு உரிமம் மறுத்தது. பிறகு வேறு நிறுவனம் உரிமம் பெற்று நடத்தியும் 2024 டிசம்பரில் மூடப்பட்டது.

எனவே தொடங்கும் முன்பே மூடும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் வேறு இடம் தேட வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், பயணப் பெட்டிக்குள் தானாக நுழையப் பழக்கவே வாரக்கணக்காகும். அதுவரை தீனிச் செலவும் சம்பளமும் நிற்காது.