சாமி இறங்கும் வில்லுப்பாட்டுக்காரியை ஆட, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எந்த ரேஸ், எந்த கிளாஸ் பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பை, அதன் 2014 விதிகளை வைத்து ஆடும் ஒரு குழுவில், நெல்லைச் சீமையின் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிற, பாடிக்கொண்டிருக்கும்போதே அருள் வந்து ஆடுகிற, சண்டை என்று வந்தால் அதே வில்லில் அம்பு தொடுத்து எய்கிற ஒரு பெண்ணை ஆட விரும்புகிறீர்கள். புத்தகத்தில் இதற்கு நேராகப் பொருந்துவது எதுவும் இல்லை என்பதால் புதிய ரேஸ் (பாத்திரத்தின் பிறப்பினம்) ஒன்றும் புதிய கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்) ஒன்றும் எழுதிக்கொண்டு போனீர்கள். ஆட்டத்தை நடத்துகிற உங்கள் டிஎம் தயங்குகிறார். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடும் ஒரு சிறு குழுவுக்கு நானும் டிஎம்மாக இருப்பவன் என்பதால், அவருடைய தயக்கத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

பாட்டால் மந்திரம் செய்யும் பார்ட் கிளாஸும், தெய்வ அம்சத்தோடு பிறந்தும் இருளில் வீழ்ந்தவர்களான ஃபாலன் ஆசிமார் ரேஸும் உங்களுக்குப் போதும். புதிதாக எழுத வேண்டியது அதிகபட்சம் ஒரே ஒரு வரிதான். அந்த வரிகூடத் தேவைப்படாமல் போகலாம்.

கொடை பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வில்லுப்பாட்டில் பாடுகிறவர் வேறு, ஆடுகிறவர் வேறு. புலவர் வில்லின் பின்னால் உட்கார்ந்து தெய்வத்தின் கதையைப் பிறப்பிலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். கதை சூடேறும் இடத்தில், குடமும் உடுக்கையும் வேகம் பிடிக்கும்போது, கூட்டத்தில் நிற்கும் கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடிக்கு, அருள் வரும். உங்கள் பாத்திரம் இந்த இரண்டு ஆட்களையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறது. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கிளாஸுக்குள் திணிக்கப் பார்த்ததால்தான் உங்கள் கிளாஸ் பல பக்கங்களுக்கு நீண்டுவிட்டது.

இத்தகைய பாத்திரங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பாத்திரம் ஒவ்வொரு சண்டையிலும், ஒவ்வொரு முறையும் செய்வது எதுவோ அதைக் கிளாஸில் தேட வேண்டும். நாளைக்கு ஒருமுறை, பிறவியோடு வந்த ஒன்றாக நிகழ்வது எதுவோ அதை ரேஸில் தேட வேண்டும். பாட்டு அன்றாடம், அருள் எப்போதாவது. ஆகவே பாட்டு கிளாஸுக்கும் அருள் ரேஸுக்கும் போகின்றன. இதைத் தலைகீழாகச் செய்து, அருளை முதன்மையாக்கி வெறிகொண்டு போரிடும் பார்பேரியன் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ரேஜ் என்ற அந்த வெறி வரும்போது சாமி வந்தது என்று விவரித்துவிடலாம்தான். ஆனால் ரேஜில் இருக்கும் வரை மந்திரம் எதையும் சொல்லவோ, முன்பே சொன்னதைத் தாங்கிப் பிடிக்கவோ விதிகள் இடம் தருவதில்லை. அருள் வந்த கணத்தில் பாட்டு நின்றுவிடுகிற ஒருத்தியை நீங்கள் கேட்கவில்லை.

பார்ட் கிளாஸில் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. பார்டிக் இன்ஸ்பிரேஷன் என்பது 60 அடிக்குள், உங்கள் குரல் காதில் விழும் ஒரு தோழருக்கு ஓர் ஆறுமுகப் பகடையைக் கொடுப்பது. அவர் அதைப் பத்து நிமிடத்துக்குள் தாக்குதல், திறன் சோதனை, சேவிங் த்ரோ (தீங்கைத் தடுக்கும் உருட்டல்) ஆகியவற்றில் ஏதேனும் ஓர் உருட்டலோடு கூட்டிக்கொள்ளலாம். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவதற்கு இதைவிட நெருங்கிய விதி வேறு இல்லை. பகடையைப் பயன்படுத்தும் தோழர் மேசையில் உரக்க ‘ஆமா’ என்று சொல்லிவிட்டுத்தான் உருட்ட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எண்களில் ஒன்றும் மாறாது. இரண்டாவது அமர்வுக்குள் மேசையே பின்பாட்டுக் குழுவாகிவிடும். 2ஆம் லெவலில் வரும் சாங் ஆஃப் ரெஸ்ட், சிறு ஓய்வின்போது பாட்டைக் கேட்டுக்கொண்டு இழந்த உயிரை மீட்கும் ஹிட் டைஸ் பகடைகளைச் செலவிடும் தோழர்களுக்கு இன்னொரு ஆறுமுகப் பகடை அளவு உயிரைக் கூடுதலாகத் தருகிறது. விடிய விடியப் பாடுகிற ஒருத்திக்கு அது வெகு இயல்பு.

இனி வில். உங்கள் வரைவில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான். எங்கள் மேசையில் இதே போன்ற ஒரு யோசனை பேச்சுக்கு வந்தபோது, சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர், “அண்ணாச்சி, அம்பு விடுத வில்லா, கோல வச்சு அடிக்க வில்லா, மொதல்ல அதச் சொல்லுங்க” என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன். வேட்டைக்குப் போன அரசன் வில்லைக் குடத்தின் மேல் வைத்துத் தட்டியதிலிருந்து இந்தக் கலை பிறந்தது என்று கதை வழங்கினாலும், இன்று நாம் பார்க்கும் வில் எய்வதற்கு உரியது அன்று. முதுகு குடத்தின் கழுத்தில் படிந்திருக்க, நாண் மேல்நோக்கி நிற்க, கதிர் எனப்படும் வில்லின் தண்டில் மணிகள் வரிசையாகத் தொங்க, புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுகிறார். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினால் மணிச்சத்தமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே என் முதல் பரிந்துரை, பாட்டு வில் இசைக்கருவியாகவே இருக்கட்டும். மந்திரங்களுக்குரிய ஃபோகஸாக, அதாவது மந்திரம் செய்யக் கையில் பிடிக்கும் பொருளாக, பார்டுக்கு இசைக்கருவி எதுவும் செல்லும். தோளில் தனியாக ஒரு ஷார்ட்போ (குறுவில்) மாட்டிக்கொள்ளட்டும். அது எளிய ஆயுத வகையைச் சேர்ந்தது, ஆறுமுகப் பகடைச் சேதம், 80 அடி இயல்பான தூரம். பார்டுக்கு முதல் லெவலிலேயே அதில் பயிற்சி உண்டு. இதில் விதி எதையும் தொட வேண்டியதில்லை.

இல்லை, ஒரே வில்தான் வேண்டும், அதில்தான் அழகே இருக்கிறது என்றால், நான் சொன்ன அந்த ஒரு வரியை இங்கே செலவிடுங்கள்: “இந்த ஷார்ட்போ பார்ட் மந்திரங்களுக்கு ஃபோகஸாகவும் பயன்படும்.” இதனால் உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு என்பதை டிஎம்மிடம் நேர்மையாகக் கணக்குக் காட்ட முடியும். வில்லை எய்யும் கணத்தில்தான் இரண்டு கை வேண்டும். மற்ற நேரத்தில் ஒரு கையில் பிடித்துக்கொள்ளலாம், மறுகை சும்மாதான் இருக்கும். கருவியை எடுப்பதும் உள்ளே வைப்பதுமான சிறு வேலை மிச்சமாகிறது, அவ்வளவே. கேடயமும் வாளும் ஏந்திய ஒருவருக்கு இதே சலுகையைக் கொடுத்தால் அதன் மதிப்பு பல மடங்கு ஏறிவிடும், வில்லுக்கு ஏறாது. டிஎம் அப்போதும் தயங்கினால், 2024 விதிப்புத்தகத்தில், பார்டின் உட்பிரிவுகளான காலேஜ்களில் போருக்குரிய காலேஜ் ஆஃப் வேலர் எடுத்த பார்டுக்கு எளிய ஆயுதமோ போர் ஆயுதமோ எதுவாயினும் ஃபோகஸாகும் என்று அச்சிலேயே இருப்பதைக் காட்டுங்கள்.

அந்த ஒரு வரியோடு நிற்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உங்கள் வரைவில் காலேஜ் ஆஃப் ஸ்வோர்ட்ஸை எடுத்து, அதன் சண்டைப் பாணிகளுக்குப் பதிலாக ஆர்ச்சரி என்ற வில் பாணியைச் சேர்த்திருந்தீர்கள். எய்யும் ஒவ்வொரு அம்பின் தாக்குதல் உருட்டலுக்கும் +2 என்பது இந்தப் பதிப்பின் குறுகிய எண் வரம்புக்குள் மிகப் பெரிய சலுகை. பாட்டுக்காரியின் கதைக்கு அது எதையும் சேர்க்கவில்லை. குழுவில் வில்லாளியான ரேஞ்சர் ஆடுகிறவரின் முகத்தை மட்டும் வாடவைக்கும்.

அடுத்து அருள். 2016இல் வந்த விதிகளில் உள்ள ஃபாலன் ஆசிமாரை வரிவரியாகப் பிரித்துப் பாருங்கள். 3ஆம் லெவலிலிருந்து, நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை, ஓர் ஆக்‌ஷன் செலவிட்டு உருமாறலாம். கண்கள் இருண்டு, முதுகில் எலும்புச் சிறகுகள் முளைக்கும். 10 அடிக்குள் நின்று பார்ப்பவர்கள் கரிஸ்மா (ஆளுமை வலிமை) சேவிங் த்ரோவில் தோற்றால், உங்கள் அடுத்த முறை முடியும் வரை அஞ்சி ஒடுங்குவார்கள். ஒரு நிமிடம் நீடிக்கும் இந்த நிலையில், உங்கள் முறைக்கு ஒருமுறை, லெவல் அளவுக்குக் கூடுதல் சேதம் தரலாம். இதில் சிறகு என்பது பறக்க உதவாத வெறும் தோற்றம். பகடையோடு அதற்குத் தொடர்பே இல்லை. அதை எடுத்துவிட்டு அவிழ்ந்த கூந்தலையும், பந்த வெளிச்சத்தில் அவளைவிடப் பெரிதாக எழுந்து நிற்கும் நிழலையும் வைத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுடலைக்கு ஆடுகிற கோமரத்தாடி நள்ளிரவில் பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குக் கிளம்பும்போது வழியில் நிற்பவர்கள் ஒதுங்குவதை நேரில் கண்டவர்களுக்கு, அந்தப் 10 அடி எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையிருக்காது.

பின்னால் வந்த பதிப்புகளில், இந்த அச்சம் தோழர்களைத் தொடாது என்று மாற்றிவிட்டார்கள். 2016 விதியில் தோழர்களும் சேவிங் த்ரோ உருட்டியே ஆக வேண்டும். உங்கள் பாத்திரத்துக்கு நான் பழையதையே விரும்புவேன். அருள் வந்தவள் முன்னால் சொந்தக்காரர் என்ன, பிறத்தியார் என்ன? வலிமை குறைந்த விதியை நீங்களாகக் கேட்டு வாங்குவதைப் பார்த்து டிஎம்மும் இளகுவார்.

ஹீலிங் ஹேண்ட்ஸ் என்ற தொட்டுக் குணப்படுத்தும் திறன், திருநீறு பூசுவதாக அப்படியே பொருந்தும். லைட் என்ற சிறு மந்திரத்தை எடுத்துவிட்டுக் குரலை இடிபோல் முழங்கவைக்கும் தௌமடர்ஜியைக் கேட்டிருந்தீர்கள்; எனக்கு அது தேவையாகப் படவில்லை, லைட்டைப் பந்தமாக வைத்துக்கொள்ளலாம். ரேஸ் தரும் கரிஸ்மா +2 பார்டுக்கு வேண்டியதுதான். ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) +1 வீண் என்பதால் அதை வில்லுக்கு உதவும் டெக்ஸ்டெரிட்டிக்கு (லாகவம்) மாற்றிக்கொள்ளுங்கள்; 2020இல் டாஷாவின் பெயரில் வந்த துணைநூல் இந்த மாற்றத்தை எல்லா ரேஸ்களுக்கும் அனுமதித்துவிட்டது.

இந்த நெகிழ்வைப் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். 1974இல் தொடங்கிய இந்த ஆட்டத்தில், 1981 பேசிக் பதிப்பில் எல்ஃப் என்ற இனமே ஒரு கிளாஸாக இருந்தது. 1978 அட்வான்ஸ்ட் பதிப்பில் பாலடின் என்ற புனித வீரர் ஆக மனிதராகப் பிறந்திருக்க வேண்டும். 2000இல் வந்த 3ஆம் பதிப்புதான் அந்தத் தடைகளை நீக்கியது. 2024இலோ எண் உயர்வுகள் பிறப்பை விட்டு, வளர்ந்த சூழலைக் குறிக்கும் பேக்கிரவுண்டுக்கே போய்விட்டன. பிறப்பை வைத்து ஒருவருக்கு எது வரும், எது வராது என்று சொல்வதை நம் ஊரில் வேண்டிய அளவு கேட்டாயிற்று. மேசையிலும் அது வேண்டாம் என்பது என் தனிப்பட்ட சாய்வு.

2024 விதிகளுக்கு உங்கள் குழு மாறுவதாக இருந்தால் வேலை இன்னும் குறையும். ஆசிமார் அடிப்படைப் புத்தகத்திலேயே இருக்கிறது. என்டர்டெய்னர் பேக்கிரவுண்டு எடுத்தால் மியூசிஷியன் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) கூடவே வரும்.

காலேஜ் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்பு முக்கியமென்றால் வேலர். கதை சொல்லும் வாக்குதான் முக்கியமென்றால், டாஷாவின் நூலில் உள்ள காலேஜ் ஆஃப் எலோக்வென்ஸ். அதில் வரும் அன்செட்லிங் வேர்ட்ஸ் ஒரு போனஸ் ஆக்‌ஷன், அதாவது ஒரே முறையில் வழக்கமான ஆக்‌ஷனோடு சேர்த்துச் செய்யக்கூடிய சிறு செயல். எதிரி ஒருவர் அடுத்து உருட்டும் சேவிங் த்ரோவிலிருந்து உங்கள் இன்ஸ்பிரேஷன் பகடையைக் கழித்துவிடும். உருமாற்றம் ஓர் ஆக்‌ஷன் என்பதால் இரண்டையும் ஒரே முறையில் செய்யலாம். முதலில் அவனைக் குறிவைத்து ஓர் அடி பாடுகிறாள், அவன் நெஞ்சு தளர்கிறது. அடுத்த கணம் சாமி இறங்குகிறது, தளர்ந்த நெஞ்சோடு அவன் சேவிங் த்ரோ உருட்டுகிறான். புதிய கிளாஸ் எழுதி நீங்கள் அடைய நினைத்த காட்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

தெய்வத்தின் பெயரைப் பற்றி ஒரு வேண்டுகோள். மேசையில் இருப்பவர்களில் யாருக்கேனும் குலதெய்வமாக இருக்கக்கூடிய ஒரு பெயரைப் போட்டு, அதைப் பகடையில் தோற்கவைக்காதீர்கள். ஒரு கற்பனை ஊருக்குக் கற்பனையான காவல் தெய்வம் ஒன்றை டிஎம்மோடு சேர்ந்து உருவாக்குங்கள். கேரக்டர் ஷீட்டில் ஃபாலன் என்ற சொல்லையும் எழுத வேண்டாம். அதற்கு எந்த எண்ணும் ஒட்டியிருக்கவில்லை.

காலேஜும் உருமாற்றமும் இரண்டுமே 3ஆம் லெவலில்தான், அதாவது 900 அனுபவப் புள்ளிகளில்தான் வருகின்றன. அதுவரை அவள் அருள் இறங்காத வெறும் பாட்டுக்காரி. இதை ஈடுகட்ட முதல் லெவலிலேயே ஏதாவது தரும்படி டிஎம்மிடம் கேட்காதீர்கள். பதிலாக, அவள் பாட்டுக்கு ஆடுகிற வயதான கோமரத்தாடி ஒருவரை டிஎம் தன் பாத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். முதல் இரண்டு லெவல்களில் பாட்டு இவளுடையது, அருள் அவருடையது. 3ஆம் லெவலுக்கு ஏறும் அமர்வை ஒரு கொடை நாளாக அமைத்து, அன்றைக்கு அந்தப் பெரியவரால் எழ முடியாமல் போக வேண்டும் என்பதை மட்டும் இப்போதே டிஎம்மோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆட்டக்காரர்களிடம் சொல்ல வேண்டாம்.