ட்ரெய்லரின் வால் ஆடுகிறது: எந்த ஹிட்ச் வாங்குவது?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். சாமான்களுடன் ஏறத்தாழ 7,000 பவுண்ட் வரும் 28 அடி ட்ரெய்லரை அரை டன் வகைப் பிக்கப்பில் சாதாரண பால் ஹிட்ச் (பந்து முனையில் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) போட்டு இழுக்கிறோம். பெரிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் ட்ரெய்லரின் வால் ஆடுகிறது. ஆட்டத்தை உராய்வால் அடக்கும் உராய்வுத் தண்டு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்கிறார் கடைக்காரர். எடைப் பகிர்வு ஹிட்ச்தான் வேண்டும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதே சரி. ஆனால் எதற்கும் பணம் கொடுக்கும் முன், ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மீது எவ்வளவு எடையை அழுத்துகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். இவ்வகை ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, அதாவது உங்களுக்கு 700 முதல் 1,050 பவுண்ட் வரை இருக்க வேண்டும். விற்பனைக் கையேட்டில் உள்ள எண் காலி ட்ரெய்லருக்கானது என்பதால் அதை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை லாரி நிலையங்களில் உள்ள கேட் (CAT) நிறுவன எடைமேடையில் பிக்கப்பைத் தனியாக ஒருமுறையும், ட்ரெய்லரை மாட்டி ஒருமுறையும் நிறுத்திப் பாருங்கள். பிக்கப்பின் இரு அச்சுகளிலும் கூடிய எடைதான் உங்கள் விடை. அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ட்ரெய்லரின் பின் பம்பரில் மாட்டிய சைக்கிள்களையும் பின்கட்டில் அடுக்கிய பெட்டிகளையும் அதன் அச்சுக்கு முன்னால் மாற்றுங்கள். வால் ஆடுவதற்கு மூக்கு லேசாக இருப்பதே காரணமானால், அதை எந்தக் கருவியாலும் மறைக்கக் கூடாது.

அடுத்து, பிக்கப்பின் ரிசீவரில் (ஹிட்சைச் செருகும் பின்புறச் சட்டம்) ஒட்டியுள்ள சீட்டைக் குனிந்து படியுங்கள். அதில் எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் ஒன்று, அதனுடன் ஒன்று என இரண்டு வரம்புகள் இருக்கும். எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் 5,000 பவுண்ட் ட்ரெய்லரும் 500 பவுண்ட் டங் வெயிட்டும் மட்டுமே என்று பல அரை டன் பிக்கப்களில் போட்டிருக்கும். உங்களுடையதும் அப்படியானால் எடைப் பகிர்வு ஹிட்ச் கட்டாயம். அதன் ஸ்பிரிங் தண்டுகள், பின்புறம் அமுங்கியதால் முன் சக்கரங்கள் இழந்த எடையை நெம்பித் திருப்பித் தருகின்றன. ஸ்டீயரிங் பிடிப்பு மீள்வது அதனால்தான். தண்டின் தாங்குதிறனை டங் வெயிட்டோடு பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமான்களின் எடையையும் கூட்டித் தேர்ந்தெடுங்கள்: 850 பவுண்டும் 100 பவுண்டும் என்றால் 1,000 பவுண்ட் தண்டு. இருக்கட்டுமே என்று 1,400 பவுண்ட் தண்டு வாங்கினால், அதன் விறைப்பு ட்ரெய்லரின் சட்டத்தைத்தான் வருத்தும்.

தனி உராய்வுத் தண்டை இவ்வளவு எடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். மழையில் வழுக்கும் சாலைக்கும் அது ஏற்றதன்று. ஸ்பிரிங் தண்டுகளே நான்கு இடங்களில் உராய்ந்து ஆட்டத்தை அடக்கும் வகையை வாங்குங்கள். விலை கூடுதலானாலும் 28 அடி நீளத்துக்கு அதுவே தகும்.

கேள்வி: நல்ல ஹிட்ச் போட்டால் பிக்கப்பின் பேலோட் (சுமக்கக்கூடிய மொத்த எடை) வரம்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லையா?

பதில்: கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள சீட்டில் 1,500 பவுண்ட் என்றிருந்தால், நால்வர் குடும்பம் 620, ஹிட்ச் 90, டங் வெயிட் 850 சேர்ந்து 1,560 ஆகிவிடுகிறது. எடைப் பகிர்வு ஹிட்ச் அதில் ஒரு சிறு பங்கையே ட்ரெய்லர் அச்சுக்கு அனுப்பும் என்பதால், அதை நம்பி வரம்பை மீறாதீர்கள்.

கேள்வி: ஓடும்போதே ஆட ஆரம்பித்தால்?

பதில்: பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரின் (ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கைநெம்பால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இதமாகக் கொடுங்கள். கை தேடாமல் எட்டும் இடத்தில் அந்த நெம்பு இருக்கிறதா என்பதை ஹிட்ச் மாட்டும் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.