பழைய டீசல் வேனில் கடகட சத்தம்: இன்ஜினை இறக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

சாயல்குடியிலிருந்து ராமேசுவரம் தீவையும் சேர்த்துத் தொண்டி வரை கடலோரத்தில் பழைய டீசல் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா, சூடான பிறகா? சும்மா நிற்கும்போதா, லோடு இழுக்கும்போதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? இதையெல்லாம் கவனித்துவிட்டுக் கேளுங்கள்.

தங்கச்சிமடம், யாத்திரிகர் வேன்: அண்ணே, 2006 மாடல், 12 சீட்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஐடிலிங்கில் இருக்கிறது, ரேஸ் பண்ணினால் மறைகிறது. ஒரு பட்டறையில் டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் உறுப்பு) என்று சொல்லி ரெண்டு தடவை அட்ஜஸ்ட் செய்தார்கள், மாற்றமில்லை. இன்னொருவர் ‘பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்’ என்கிறார். ஆயில் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

இறக்க விடாதீர்கள் தம்பி. ராடு பேரிங், அதாவது பிஸ்டன் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள பேரிங், தேய்ந்திருந்தால் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது சத்தம் அடங்கியிருக்கும். சூடேறி ஆயில் இளகி, லோடு விழும்போதுதான் வெளியே வரும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. டேப்பட் என்றால் மெல்லிசாக டிக்டிக்கென்று கேட்கும், ரேஸ் பண்ணினால் கூடவே வேகமாகும், மறையாது. ஆகவே ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு ஒட்டவில்லை.

காசில்லாத சோதனை மூன்று இருக்கிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் கிளட்ச்சை மெதுவாக மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் வியாதி கியர் பாக்ஸின் முன் பேரிங்கிலோ, கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்கிலோ இருக்கிறது. மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். ரெண்டுக்கும் இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை.

மாற்றமில்லையா? இன்ஜினை நிறுத்தி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது. வண்டியை அங்குலம்கூட நகர்த்தவும் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன். சத்தம் நின்றால் பெல்ட் சுற்றும் சாமான்களில் ஒன்றுதான் குற்றவாளி.

அப்படியும் நிற்காவிட்டால் பெல்ட்டைத் திரும்ப மாட்டி, இன்ஜின் ஓடும்போதே நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் உறுப்பு) பைப்பின் நட்டை ஒவ்வொரு சிலிண்டராக லேசாகத் தளர்த்துங்கள். பெரும்பாலும் 17-ம் நம்பர் ஸ்பேனர். பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், டீசல் கண்ணில் படக் கூடாது. எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் குறைகிறதோ, அதில்தான் விஷயம். அங்கிருக்கும் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில், மாறாவிட்டால் பிஸ்டன் அல்லது ராடு.

இது பழைய மெக்கானிக்கல் டீசல் பம்புக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து அழுத்தத்தோடு டீசல் போகும் புது வகை) இன்ஜின் ஓடும்போது எந்த நட்டிலும் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேல்கூடப் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கீழக்கரை, சரக்கு வேன்: காக்கா, எனக்கு அவர் சொன்னதற்கு எதிர். காலையில் அமைதி. ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் அடியிலிருந்து டங்டங் என்று கேட்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது. இந்த வாரம் ஓட்டிவிட்டு அடுத்த வாரம் பட்டறையில் விடலாமா?

வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள். லைட் மட்டும் மினுக்கினால் ஆயில் பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றி அதே இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கலாம், பல நேரம் சுவிட்ச்தான் கெட்டிருக்கும். லைட்டும் டங்டங்கும் சேர்ந்து வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. இப்போது நிறுத்தினால் பேரிங் செட்டோடு போகலாம். கிராங்க்கில் கோடு விழுந்துவிட்டால் லேத்துக்குக் கொடுத்து 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று கிரைண்டிங் போட்டு, அதற்கேற்ற பேரிங் தேட வேண்டும். ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்தால் வண்டியே இரும்புக் கடைக்குத்தான். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

மண்டபம், மீன் வண்டி: அய்யா, 40-ல் போகும்போது மட்டும் அடியில் லொடலொடவென்று தகரச் சத்தம். 50 தாண்டினால் இல்லை. இன்ஜின்தானா?

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற தகரச் சத்தம் அநேகமாக இன்ஜின் இல்லை. ஏதோ ஒன்று தளர்ந்து அந்த அதிர்வுக்கு மட்டும் ஆடுகிறது. நம் பக்கம் இதுதான் முதல் சந்தேகம். உப்புக் காற்று ஒரு பக்கம் என்றால், மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். அது சேஸிஸ் வழியாக ஓடி சைலன்சர் தொங்கும் கொக்கி, கிளாம்ப், சூட்டைத் தடுக்கும் தகடு எல்லாவற்றையும் தின்றுவிடும். வெளியே பெயின்ட் நன்றாகத்தான் தெரியும், விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிரும்.

வண்டி ஆறியபிறகு அடியில் படுத்து, சைலன்சரை மரச் சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒரே சத்தம் வரும். உள்தகடு கழன்ற இடத்தில் உள்ளுக்குள் சலசலக்கும். அப்படியென்றால் சைலன்சரை மாற்றுவதுதான் வழி, வெளியே வெல்டிங் வைத்துப் பயனில்லை. மேல்தகடு மட்டும் ஆடினால் பெரிய ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்குங்கள், ரொம்ப நாள் தாங்கும். பெட்டித் தண்ணீருக்கு ஒரு ஓஸ் போட்டு சேஸிஸுக்கு வெளியே விழும்படி விடுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் போய் வந்தாலும் அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். அங்கே காற்றோடு மணலும் சேர்ந்து வந்து ஒட்டும்.

ஏர்வாடி: டீசல் பம்பை சர்வீஸ் செய்து மாட்டினதிலிருந்து இன்ஜின் மொத்தமும் சம்மட்டியால் அடிப்பதுபோல் இருக்கிறது. முன்னால் இப்படி இல்லை.

பம்ப் டைமிங், அதாவது டீசலைப் பீய்ச்சும் நேரம். மாட்டும்போது முன்பக்கம் தள்ளி நின்றுவிட்டது. எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி அடித்தால் முதலில் டைமிங்கைப் பாருங்கள், ஒன்றில் மட்டும் என்றால் நாசில். ரொம்பப் பின்னால் போனாலும் ஆகாது, வெள்ளைப் புகை வரும், இழுவை போய்விடும். பம்பைக் கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சில் (இன்ஜினோடு சேரும் விளிம்பில்) உளியால் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதே பட்டறைக்குப் போய் டைமிங் வைக்கச் சொல்லுங்கள், தனிக் கூலி கொடுக்காதீர்கள்.

தேவிபட்டினம்: டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் சத்தம் குறையும் என்கிறார்களே?

குறையாது, அதிகமாகத்தான் ஆகும். பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிசுக்கு கிடையாது, உள்ளே உலர்ந்து தேயும். சட்டப்படியும் தப்பு. கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிறவரா நீங்கள்? அப்படியானால் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் சத்தத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

தங்கச்சிமடம், மறுபடியும்: அண்ணே, கிளட்ச் மிதித்தேன், மாற்றமில்லை. பெல்ட்டைக் கழற்றினேன், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது! ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது) கையால் சுற்றிப் பார்த்தேன், பேரிங் ஆட்டமில்லை. இன்னொன்று: கொஞ்ச நாளாகக் காலையில் முதல் தடவை பிரேக் கட்டையாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமா?

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! சம்பந்தம் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் வேக்கம் பம்ப். பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. பெல்ட் இல்லாமல் நகர்த்தாதே என்றது இதற்காகத்தான்.

அதற்குள் சின்னப் பலகைகள் சுற்றும். வேகமாகச் சுற்றும்போது அவை வெளிப்பக்கம் வீசப்பட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்கில் அந்த வேகம் போதாமல், தேய்ந்த பலகை சுவரில் அடித்துக் கடகடக்கும். ரேஸ் பண்ணினால் உங்கள் சத்தம் மறைந்தது இப்படித்தான். காலையில் ஆயில் வந்து சேரும்வரை இன்னும் மோசமாக இருக்கும்.

பிரேக்கைச் சோதிக்க: இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் வரவில்லை. பம்பை மாற்றச் சொல்வதற்கு முன் இன்ஜினிலிருந்து அதற்கு ஆயில் வரும் மெல்லிய பைப்பைக் கழற்றி, முனை போல்ட்டின் ஓட்டையைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் ஊதி எடுத்து, புது வாஷர் போட்டு மாட்டுங்கள். அடைப்பை எடுக்காமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரம் கடகடக்கும். சரியாகும்வரை ஆள் ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் ஏறாதீர்கள்.

திருப்புல்லாணி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். முன்னால் கரகரவென்று அரைக்கிறது.

நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு அது அரைக்காமல் என்ன செய்யும்? வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து கசிந்த வெள்ளைக் கறை தெரிந்தால் சீல் போய், பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பம்பை மாற்றி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

உச்சிப்புளி, பள்ளி வேன் நடத்துபவர்: மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார். நானும் கேட்கலாமா? பெண் என்பதால் பட்டறையில் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

தாராளமாக, அக்கா. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்தி, முனையை ஒவ்வொரு இடமாக வையுங்கள்: டேப்பட் மூடி, ஆல்டர்னேட்டர் உடம்பு, வாட்டர் பம்ப், பிளாக்கின் அடிப்பக்கம். எங்கே சத்தம் காதுக்குள்ளேயே அடிப்பதுபோல் கேட்கிறதோ, அதைச் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அப்புறம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தோளில் துண்டோடும் தொளதொள கைலியோடும் ஃபேன் பக்கம் குனியாதீர்கள்.

தொண்டி, குட்டி யானை: ஐடிலிங்கில் வண்டியே ஆடுகிறது.

ரெண்டு சிலிண்டர் வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதிகமாகிவிட்டதென்றால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சைச் சற்றே விடட்டும், இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். இன்ஜின் துள்ளி எழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

சாயல்குடி: பழைய வேன் ஒன்று பார்த்தேன். நான் போகும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. வாங்கலாமா?

ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டீர்களா? இன்னொரு நாள் விடிகாலை சொல்லாமல் போங்கள். முதலில் ரேடியேட்டரை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். டிப் ஸ்டிக்கை எடுத்து ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விடுங்கள். நகராமல் கூழாக நின்றால் சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கலாம். அளவு மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது, அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ரெண்டும் சரியென்றால் ஸ்டார்ட் செய்து முன்னே சொன்ன கிளட்ச் சோதனை, பிரேக் பெடல் சோதனை. அப்புறம் ஆறேழு பேரை ஏற்றிக்கொண்டு அரைமணி நேரமாவது ஓட்டி, திரும்பி வந்து ஐடிலிங்கில் விட்டு ஆயில் லைட்டைப் பாருங்கள். மினுக்கவில்லை என்றால் விலை பேசுங்கள்.